நாய்களோடு மலைக்குத் திரும்பிய பூமாலை

உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்த கோழிப்பண்ணையை முதலாளி மூடிவிட்டார். பத்து வருஷமாக அங்கேயே தங்கித் தீனி போட்டு, முட்டை பொறுக்கிய பூமாலைக்குக் கல்வராயன் மலையில் இருக்கும் சொந்த ஊருக்குத் திரும்புவதைத் தவிர வேறு வழியில்லை. துணிமணி ஒரு பையில் அடங்கிவிட்டது. அடங்காதவை பண்ணையில் அவள் வளர்த்த இரண்டு நாய்கள். கிழட்டுக் கடுவன் தொரை, இளம் பெட்டை செவளி.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகள் இலக்கியா போனில் கத்தினாள். "நாய்ங்கள அங்கியே வுட்டுட்டு பஸ்ஸுல போம்மா!"

"இங்க யாரு கீறாங்க, இதுங்களுக்குச் சோறு போட?"

"அதுங்ககிட்ட நீ இன்னா ஆயுள் கைதியா?"

"போன வையிடி."

பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். இலக்கியாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளில் கிளம்பினாள்.

பெரிய ரோட்டில் லாரிச் சத்தத்துக்கு நாய்கள் மிரண்டன. கரும்புத் தோட்டங்களுக்கு ஊடே சுற்றுவழியில் போனாள். ஒவ்வொரு ஊர் எல்லையிலும் அந்த ஊர் நாய்கள் திரண்டு வந்தன. இறங்கி, இரண்டையும் சைக்கிளோடு ஒட்டி நடத்தித்தான் கடக்க முடிந்தது. மிதித்தது பாதி, தள்ளியது பாதி.

"யக்கா, ஊர்வலமா? சாமி எங்க?" என்று ஒருவன் கேட்டான். அவள் நாய்களை அதட்டிக்கொண்டே சைக்கிளைத் தள்ளினாள்.

முதல் நாள் தியாகதுருகம் வரைக்கும்தான் முடிந்தது. மறுநாள் கள்ளக்குறிச்சியைத் தாண்டும்போது உச்சி வெயில். தார் கொதித்தது. கச்சிராயபாளையம் வந்து சேர்ந்தபோது தொரையின் பாதம் நாலும் தோலுரிந்திருந்தன. சைக்கிள் கடை மைக்கேல்ராஜ் குனிந்து பார்த்தார்.

"இது இனிமே நடக்காதும்மா. கேரியர்ல வெச்சிக் கட்டு."

தூக்கி வைத்தாள். உடம்பெல்லாம் நடுங்கக் குதித்து இறங்கியது. கயிறு போட்டால் அலறியது. மூன்றாம் தடவைதான் பூமாலைக்குப் புரிந்தது. நாலு வருஷத்துக்கு முன் இதே கேரியரில் கட்டிய முட்டை அட்டைமேல் அது தாவி ஏறி, அத்தனையும் உடைந்து போனது. குச்சி முறிகிற வரை அடித்தாள். அதற்கப்புறம் தொரை கேரியர் பக்கமே வந்ததில்லை. இவள் சொல்லிக்கொடுத்ததை அது ஒழுங்காகக் கற்றிருந்தது.

"இங்க வுட்டுட்டுப் போ. நான் பாத்துக்கறேன்," என்றார் மைக்கேல்ராஜ்.

கால் இரண்டும் கெஞ்சின. "சரிண்ணே" என்று சொல்லிவிட்டாள். சைக்கிளைத் தள்ளிப் பத்தடி போனாள். தொரை முழங்காலை ஊன்றிப் பின்னாலேயே உடம்பை இழுத்துக்கொண்டு வந்தது.

திரும்பி வந்து கடை வாசலில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டாள். "அண்ணே, நாய வுடல. இந்த சைக்கிள வெச்சிக்கினு இருங்க."

"வெளையாடறியா? மேல பூரா ஏத்தம்!"

"ஏத்தத்துல சைக்கிளத் தள்ளிக்கினுதான போவணும்? அதுக்குப் பதிலா இவனத் தூக்கிக்கினு போறேன்."

பழம்புடவையில் பிள்ளையைக் கட்டுவது போல முதுகில் கட்டினாள். தீனி மூட்டையில் பாதி கனம் இருக்கும். தொரை திமிறவில்லை. அதன் மூச்சு கழுத்தில் சுட்டது.

முதல் வளைவில் உட்கார்ந்தாள். மலைக்குப் போகும் பஸ் கடந்தது. ஜன்னலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். முன்னே ஓடிய செவளி திரும்பி வந்து நின்றது. இன்னும் எத்தனை வளைவு என்று எண்ணப் பயந்து, கல்லைப் பிடித்து எழுந்தாள். இரண்டாவது வளைவில் மறுபடி உட்கார்ந்தாள்.