உறைநிலத்தின் முதல் வருடங்கள்

என் மனைவி ராகவிக்கு நிலத்துக்குக் காய்ச்சல் பார்க்கிற வேலை. ரோவில் புறநகரில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடம் நான் அப்படித்தான் சொல்வேன், அவள் முறைப்பாள். அந்தாட்டிக்காவில் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் நிலத்தில் துளை போட்டு, வெப்பநிலை பதியும் கருவிகளை இறக்கி வைத்திருக்கிறார்கள். அந்த எண்கள் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ஒவ்வொருவருடைய கணினிக்குள் சிதறிக் கிடந்தன. அவற்றைச் சேர்த்து, நாட்டில் யாரும் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரே தரவுத்தளமாக்க வேண்டும். விஞ்ஞானிகளிடமிருந்து எண்களை வாங்குவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். ஆனாலும் நச்சரித்து வாங்கிவிடுவாள், ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர் சிட்னியில் இருக்கும் ஆனந்தராஜா அங்கிள். ஓய்வு பெற்ற மண்ணியல் பேராசிரியர். முதல் துளையைப் போட்டவர் அவர்தான். மற்றவை எல்லாம் பிந்தியவை. அந்த நிலம் சூடாகிறதா என்று சொல்ல, தொடக்க வருடங்களின் எண்கள் வேண்டும். அவை அவரிடம் மட்டுமே இருந்தன. ராகவி மாணவியாக வந்திறங்கியபோது தன் வீட்டில் அறை கொடுத்துச் சோறும் போட்டவர் அவர்.

அதனால் அவரிடம் இவள் கேட்கிற விதமே வேறு. மற்றவர்களுக்கு மின்னஞ்சலுக்கு மேல் மின்னஞ்சல் பறக்கும். அவருக்குத் தொலைபேசி. சுகம் விசாரித்து, அவர் மனைவி யோகா அன்ரியின் முழங்கால் வலி விசாரித்து, வைக்கப்போகும் நேரத்தில், "அங்கிள், அந்த டேட்டா... நேரம் கிடைக்கேக்கை" என்று இழுப்பாள்.

"அனுப்புறன் பிள்ளை" என்பார் அவர். அத்தோடு சரி.

"கொஞ்சம் இறுக்கிக் கேளன்" என்றால் என்மீது பாய்வாள். "அவரைப் போய் நான் எப்பிடிக் கேக்கிறது?"

மரியாதை பார்த்துப் பார்த்தே இரண்டு கோடை போய்விட்டது. தரவுத்தளத்தை வெளியிடும் நாள் நெருங்கியது. நேரில் கேட்டுவிடுவது என்று சிட்னிக்குப் போனோம். வீட்டுக்கு வரச் சொல்லாமல், நகருக்கு வெளியே இருக்கும் ஹெலன்ஸ்பர்க் கோயிலில் சந்திப்போம் என்றார். எனக்கு அப்போதே எங்கோ இடித்தது.

கும்பிட்டுவிட்டுக் கன்ரீனில் உட்கார்ந்தோம். யோகா அன்ரி தோசை வாங்க வரிசையில் நின்றார். அங்கிள் மேசையைப் பார்த்தபடி சொன்னார்:

"பிள்ளை, அது என்னட்டை இல்லை. ஹார்ட் டிஸ்க் பழுதாப் போச்சு. ஒண்டும் எடுக்கேலாமப் போச்சு."

"எப்ப அங்கிள்?"

"நீ முதல்முதல் கேட்டியே, அதுக்குக் கொஞ்சம் முன்னம்."

ராகவியின் முகம் செத்துப் போனது. "அப்ப அது கருவிக்குள்ளை இருந்திருக்குமே!" என்றாள். துளைக்குள் இருக்கும் அந்தக் கருவியும் ஒரு பிரதி வைத்திருக்குமாம். நினைவகம் நிறைந்தால் மட்டும் பழையதன் மேலேயே புதியதை எழுதிவிடும். போன வருடம் நிறைந்துவிட்டது. அதற்கு முந்திய கோடையில் அங்கே போன ஆட்களிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வந்திருப்பார்கள்.

"ஒரு சொல் சொல்லியிருக்கலாமே அங்கிள்."

"நீ இறுக்கிக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன் பிள்ளை. நீ பட்டும் படாமலும்தானே கேட்டனி. எனக்கும் வாய் வரேல்லை."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. இரண்டு நல்ல மனிதர்கள் ஒருவரையொருவர் நோகடிக்காமல் இருந்தே, இனி எவராலும் அளக்க முடியாத வருடங்களைத் தொலைத்துவிட்டார்கள்.

அங்கிள் குரலைத் தாழ்த்தினார். "அந்த வருசங்கள் ஏன் இல்லை எண்டு காரணம் போடேக்கை கருவி பழுது எண்டு போடு. என்ர பேர் வேண்டாம்."

ராகவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பிடிப் போட்டா, அந்தக் கருவி இப்ப எழுதுறதையும் ஒருத்தரும் நம்பமாட்டினம். மிச்சமிருக்கிறதும் போயிடும்."

அவர் பதில் சொல்வதற்குள் யோகா அன்ரி தட்டுகளோடு வந்துவிட்டார். "இவர் உன்ர டேட்டாவைத் தேடுறன் தேடுறன் எண்டு கொம்பியூட்டரோடையே கிடக்கிறார் பிள்ளை. இண்டைக்காவது தந்தவரோ?"

அங்கிள் ராகவியைப் பார்த்தார். அப்படி ஒரு கெஞ்சலை அந்த முகத்தில் நான் கண்டதில்லை. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் அந்த நேரம் கழிந்துவிடும்.

"இல்லை அன்ரி" என்றாள் ராகவி. "அது அழிஞ்சு போச்சு. அங்கிளின்ர கையிலை இருந்துதான் அழிஞ்சது. அப்பிடித்தான் நான் எழுதப் போறன்."

அன்ரி தட்டுகளை வைக்கவும் மறந்து நின்றார். ராகவி அழுதுகொண்டே மேசைக்கு மேலால் அங்கிளின் கையைப் பிடித்தாள். அவர் கையை இழுத்துக்கொண்டார்.