இடது காலுக்கு யார் சொல்வது

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை விட்டு ஒரு கிலோமீட்டர் நடந்துவிட்டிருந்தேன். இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் ஐந்து மாதம் வேலை. மூன்றாவது ஜோடிச் செருப்பின் அடியும் உருகித் தரையில் ஒட்டிக்கொண்ட காலையில், அதை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன். சண்டை ஒன்றும் இல்லை. எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து எதையாவது விட்டு நடப்பது பழக்கமாகியிருந்தது. பையில் ஒரு சட்டை, ஒரு கைலி, ஒரு சோப்பு டப்பா. தார் சுட்டதால் சாலையோரப் புல்லில் கால் வைத்துச் சோழவரம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தேன். சோழவரத்தில் எனக்கு யாரையும் தெரியாது. அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம்.

பின்னால் வந்த பேருந்து என்னைத் தாண்டாமல் கூடவே ஊர்ந்தது. புத்தம் புதியது. பெயர் இல்லை, வழித்தட எண் இல்லை. இருக்கைக்கு ஒன்றாக மணல் மூட்டைகள் உட்கார்ந்திருந்தன; சன்னலோரத்து மூட்டைகள் வேடிக்கை பார்ப்பவை போல லேசாகச் சாய்ந்திருந்தன.

ஓட்டுநர் தலையை நீட்டினார். ஐம்பதைத் தாண்டியவர், காக்கிச் சட்டை, நெற்றியில் விபூதி.

"இன்னா நைனா, வெயிட்டு எவ்ளோ இருப்பே?"

அதுவரை இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. "அம்பத்திரண்டு இருக்கும்ணா."

"பத்தாதே. சரி, ஏறு. ஒரு மூட்டை கிழிஞ்சிடுச்சு, அதும் பதிலா குந்திக்கோ."

ஏறினேன். ஒரு ஜாக்கியைத் தூக்கி என் மடியில் வைத்தார். "இத்தையும் வச்சிக்கோ. அப்பதான் கணக்குக்கு ஒரு ஆளு ஆவே." என்னை அரை ஆள் என்று சொன்னவர்கள் உண்டு. ஜாக்கியோடு சேர்த்து முழு ஆள் ஆக்கியவர் அவர் ஒருவர்தான்.

கவரைப்பேட்டை வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தொழிற்பேட்டையில் பேருந்து கட்டும் கம்பெனி ஒன்றில் அவர் ஓட்டுநர். நகரத்துக்குப் புதுப் பேருந்துகள் வாங்கப் போகிறார்கள். டீசலா, கேஸா என்பது போன மாதமே முடிந்துவிட்டது: டீசல். என்ஜின் முன்னாலா, பின்னாலா என்பதும் முடிந்துவிட்டது: பின்னால். மிச்சம் கியர் மட்டும். கியர் வண்டி ஒன்று, ஆட்டோமேட்டிக் ஒன்று என இரண்டு கட்டி வைத்திருக்கிறார்கள். மதியம் போக்குவரத்துக் கழகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து இரண்டிலும் போய்ப் பார்த்துவிட்டு எது என்று எழுதுவார். பயணிகளின் எடைக்குத்தான் மணல் மூட்டைகள். இரண்டையும் ஓட்டிக் காட்ட வேண்டியவர் இவர்; இப்போது பழகிக்கொண்டிருந்தது ஆட்டோமேட்டிக்கில்.

"இருவது வருசம் டவுன் பஸ்ஸு ஓட்னேன். கிளட்ச் மிதிச்சி மிதிச்சி முட்டி போச்சு. இன்னமே கிளட்ச் மிதிக்கவே கூடாதுன்ட்டாரு டாக்டரு. இன்னிக்கு கியர் வண்டின்னு எழுதிட்டாங்கன்னா நான் நேரா ஊட்டுக்கு. ஆட்டோமேட்டிக்குன்னு எழுதிட்டா அறுவது வயசு வரைக்கும் சீட்டுல."

"அப்புறம் இன்னாண்ணா, இத்த நல்லா ஓட்டிக் காட்டிடு."

"அங்கதான்டா பேஜாரு" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே வந்தது. பேருந்து குத்திவைத்தது போல நின்றது. மூட்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வணக்கம் போட்டன. ஜாக்கி என் வெறுங்காலில் விழுந்தது.

"மொத மூட்டையும் இப்டிதான் கிழிஞ்சுது" என்றார்.

அந்த வண்டியில் காலுக்கு இரண்டே மிதிகள்: பிரேக், ஆக்சிலேட்டர். இரண்டுமே வலது காலுக்கு. வண்டி மெதுவானால் அவருடைய இடது கால் தானாகக் கிளம்பி, இல்லாத கிளட்சைத் தேடிப் போய், அகலமான பிரேக்கை முழு பலத்தோடு மிதித்துவிடும். முன்பெல்லாம் பக்கத்திலிருந்த என்ஜின் உறுமியே அவருக்குச் சேதி சொல்லும். இப்போது அது பின்னால் எங்கோ முனகிக்கொண்டிருந்தது.

"கிளட்ச் இல்லன்னு எனக்குத் தெரியும்டா. காலுக்கு யாரு சொல்றது?"

"பால் கறக்கும்போது மாட்டுக்குப் பின்னங்காலைக் கட்டுவாங்க இல்ல?"

"நான் இன்னா மாடாடா?" என்று முறைத்தார். வண்டியைத் திருப்பினார். இரண்டு லாரிகளைத் தாண்டினார். பிறகு, "எந்தக் கயிறு?" என்றார்.

என் கைலியைக் காட்டினேன். இப்படியாக, காலையில் நான் விட்டுப் போன இடத்துக்கே உட்கார்ந்தபடி திரும்பினேன்.

மதியம் அதிகாரி வந்தார். கூடவே கம்பெனியின் இன்ஜினியர், கையில் காகிதங்களுடன். முதலில் கியர் வண்டி. நான் கம்பெனி வாசலில் காத்திருந்தேன். கடைத்தெரு நெரிசலில் சுற்றிவிட்டு வந்தபோது ஓட்டுநரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அதிகாரிக்கோ வண்டி பிடித்துவிட்டது. "நல்லாத்தானே இழுக்குது? டிரைவருங்களுக்கும் பழகின வண்டி. எதுக்கு மாத்தணும்?" என்றார். ஓட்டுநர் என்னைப் பார்த்தார்.

அவர்கள் வருவதற்குள் ஆட்டோமேட்டிக்கில் ஏறி, அவருடைய இடது கணுக்காலை இருக்கையின் இரும்புக் காலோடு கட்டிவிட்டு, என் இடத்தில் ஜாக்கியோடு உட்கார்ந்தேன். அதிகாரி ஏறியதும் என்னைப் பார்த்தார்.

"இவர் யாரு?"

"லோடு சார்" என்றார் ஓட்டுநர்.

"மணல் மூட்டைன்னுதானே இருக்கு?"

"ஒண்ணு கிழிஞ்சிடுச்சு சார்."

இன்ஜினியர் காகிதத்தைப் புரட்டினார். அதில் நான் இல்லை.

அதே கடைத்தெரு, அதே நெரிசல். வண்டி ஒருமுறைகூடக் குலுங்கவில்லை. நிறுத்தம் நிறுத்தமாக நின்று கிளம்பியது. கட்டப்பட்ட கால் அவ்வப்போது கைலியை இழுத்துப் பார்த்துவிட்டு அடங்கியது. அதிகாரி தலையாட்டி ஏதோ எழுதினார். வெற்றிதான் என்று நினைத்தேன். அப்போது அவர், "ஓரமா நிறுத்துங்க. இறங்கி வந்து பின்னாடி என்ஜினைக் காட்டுங்க" என்றார்.

ஓட்டுநர் எழுந்து நின்றார். அத்தோடு சரி.

"வாங்க."

"பரவால்ல சார், மரியாதைக்கு இங்கியே நிக்கறேன்."

அதிகாரி குனிந்து பார்த்தார். நீலக் கட்டம் போட்ட என் கைலி, இழுபட்டு முடிச்சு இறுகிப்போய், எல்லாருக்கும் தெரிந்தது.

"என்னய்யா இது?"

இன்ஜினியர் வெளிறிப்போனார். யாரும் பேசாததால் மூட்டையே பேச வேண்டியதாயிற்று. "அந்தக் காலு கிளட்சைத் தேடுது சார்" என்றேன்.

"அவுத்துட்டு ஓட்டுங்க."

முடிச்சை அவிழ்க்க நான் பல்லையும் பயன்படுத்த வேண்டியிருந்தது. ஓட்டுநர் கிளப்பினார். முதல் நிறுத்தத்தில் இடது கால் எழும்பியது. அவர் தொடையைக் கையால் அமுக்கிக்கொண்டார். இரண்டாவதிலும் தப்பித்தோம். மூன்றாவதில் ஒருவர் தலையில் ஆப்பக் கடைப் பலகையோடு குறுக்கே நடந்தார்.

தூசி அடங்கியபோது அதிகாரி தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் ஒரு மூட்டை.

ஓட்டுநர் என்ஜினை அணைத்தார். "பிரேக் போடணும்னு போடல சார். கிளட்சுன்னு மிதிச்சிட்டேன்."

"கிளட்ச் எங்கய்யா இருக்கு?"

"இத்துக்குத் தெர்ல சார்" என்று கால்சட்டையை மேலே சுருட்டினார். முட்டி, சின்ன சுரைக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. சற்று முன் கியர் வண்டி ஓட்டிய வேலை அதில் தெரிந்தது.

அதிகாரி மூட்டையைத் தள்ளிவிட்டு அதையே பார்த்தார். "இந்த மாதிரி எத்தனை பேருக்கு இருக்கு?"

"டவுன் பஸ்ஸு ஓட்ற யாரை வேணாலும் பேண்ட்டைத் தூக்கச் சொல்லுங்க சார்."

"முட்டி வலின்னு லீவு லெட்டர் கட்டுக்கட்டா வரும். பொய்யுன்னு நெனச்சேன்." எழுந்து மணலைத் தட்டினார். "போன வருஷம் நான் கியர் இல்லாத கார் வாங்கினேன். மொத நாள் இதே மாதிரிதான் மிதிச்சேன். பக்கத்துல மாமியார். ரெண்டு பல்லு போச்சு."

சிரிக்கலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. அவரே முதலில் சிரித்தார்.

"ஆட்டோமேட்டிக்னே எழுதறேன். ஆனா வண்டி குடுக்கறதுக்கு முன்னாடி, ஓட்டப்போற ஒவ்வொருத்தரோட இடது காலையும் பழக்கிக் குடுக்கணும். யாரு பழக்குவா?"

இன்ஜினியர் ஓட்டுநரைப் பார்த்தார். ஓட்டுநர் என்னைப் பார்த்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கம்பெனி வாசலில் பன்னிரண்டு ஓட்டுநர்கள் வரிசையில் நின்றார்கள். பாதிப் பேர் இடது காலைச் சற்றுத் தளர்த்தி நின்றார்கள். பழக்குபவர் ஓட்டுநர் அண்ணன். இருக்கைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, முட்டியை நீட்டி உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒரு ஜோடி பூட்ஸ் கொடுத்தார்கள். கயிறு கொடுக்கவில்லை. பதிவேட்டில் என் வேலை என்னவென்று எழுத இன்ஜினியர் வெகுநேரம் யோசித்தார். அப்படி ஒரு பதவி அங்கே இல்லை. கடைசியில் 'லோடு' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். நான் கைலியை உதறிக்கொண்டு, முதல் ஓட்டுநரின் இடது காலடியில் போய்க் குந்தினேன்.