நின்றுபோன கடல்

அரபிக்கடல் எங்கள் தாராவிக்குப் பக்கத்தில் வருவது மாகிம் கழிமுகம் வழியாக. தினமும் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும். கரையோர நீரோட்டம் மழைக்காலத்தில் தெற்கே போய்ப் பனிக்காலத்தில் வடக்கே திரும்பும் என்பதெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. கடல் ஏறியிருக்கும்போது மழையும் பிடித்துக்கொண்டால் சாக்கடைத் தண்ணீர் போக வழியில்லாமல் அப்பாவின் அரிசிக் கடைக்குள் வரும் என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

செம்பூரில் கடல் அளவீட்டு அலுவலகத்தில் வேலை கிடைத்ததும் கழிமுகத்துக்கு ஒரு கருவி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். என் நச்சரிப்பு தாங்காமல்தான் வைத்தார்கள். பாலத்தின் கைப்பிடியிலிருந்து தண்ணீருக்கு மேலே நீளும் ஓர் இரும்புக் கை, அதன் நுனியில் குனிந்து பார்க்கும் ஒரு டப்பா. அது ரேடார் அலையைக் கீழே அனுப்பும். தண்ணீரில் பட்டுத் திரும்பிவரும் நேரத்தை வைத்து மட்டத்தைச் சொல்லும். மட்டம் அளவு மீறினால் எங்கள் சந்தில் எல்லார் போனுக்கும் செய்தி போகும்.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள், விடுமுறையானாலும் எங்களுக்கு வேலை இருந்தது. காலையில் அலுவலகக் கணினித் திரையைத் திறந்தேன். கடல் நின்றுபோயிருந்தது. கோடு சட்டென்று மேலே ஏறி, அதன்பின் துணி காயப்போடும் கொடி மாதிரி நேராகப் போனது. இப்படித் தாவினால் கோளாறு என்று எடுத்துக்கொண்டு யார் போனுக்கும் செய்தி போகாது.

மாட்டுங்காவிலிருந்து வரும் எங்கள் அதிகாரி எட்டிப் பார்த்தார்.

"சென்சார் போயிடுத்தும்மா. நாளைக்குக் கழட்டிடலாம். சரிபண்ணி ஐரோலிப் பக்கம் வெச்சுக்கலாம், அங்கே ரொம்ப நாளா கேட்டுண்டிருக்கா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பௌர்ணமி நெருங்கிக்கொண்டிருந்தது, அப்போதுதான் கடல் மிக உயரமாக ஏறும். மழையும் இன்னும் விட்டபாடில்லை.

"செத்த கருவி எண்ணே அனுப்பாது சார். இது அனுப்புது. நடுவுல ஏதோ மறிக்குது. இன்னைக்கு ஒரு நாள் குடுங்க, போய்ப் பாத்துட்டு வாரேன்."

முனகிக்கொண்டே சரி என்றார்.

பாலத்துக்குப் போய்ப் பார்த்தால், இரும்புக் கையின் நுனியில் முழங்கை தடிமனுக்கு ஒரு சாமந்தி மாலை. டப்பாவின் முகத்துக்கு நேர் கீழே, மாவிலையும் சேர்த்துக் கட்டி, ஈரத்தோடு தொங்கியது. ரேடார் அதைத்தான் கடல் என்று நம்பியிருக்கிறது. அவ்வளவு தடிமனாக மாலை வாங்குகிற ஆள் எங்கள் வட்டாரத்தில் ஒருவர்தான்.

நேரே கடைக்குப் போனேன். தராசு, ஷட்டர், கல்லாப்பெட்டி எல்லாவற்றிலும் அதே சாமந்தி.

"அப்பா, என் மெசின்ல மாலை போட்டது நீங்களா?"

"ஆமா. ஷட்டர் கொக்கிய நீட்டித்தான் மாட்டுனேன். தராசுக்குப் போட்டாச்சு, உன் ஆயுதத்துக்குப் போடாம விட்டா நல்லாவா இருக்கும்?"

நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. அதே கொக்கியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். மாலையை எடுத்த கையோடு போனில் பார்த்தேன். கோடு கீழே விழுந்து, இறங்கிக்கொண்டிருந்த கடலோடு சேர்ந்துகொண்டது. அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. அதிகாரியைக் கூப்பிட்டுச் சொன்னேன். சிரித்துவிட்டு, "சரி, அங்கேயே இருக்கட்டும்" என்றார்.

பௌர்ணமியன்று மதியம் மழை கொட்டியது. தண்ணீர் சந்துக்கு வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் சரக்கைப் பரணில் ஏற்றினார்கள். நான் அலுவலகத்திலிருந்து வந்து சேர்ந்தபோது அப்பா முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். ஒரு மூட்டை அரிசிகூட நனையவில்லை.

என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"ஏட்டி, உன் மெசின் நனையாம இருக்குல்லா?"