நாலாவது இன்ஜின்

அந்தத் தெருவில் அவளைத் தார்ப்பாய்க்காரி என்றுதான் சொல்வார்கள். லாரிக்கு மூடுதுணி, படகுக்கு உறை, கடை முகப்புக்கு வெயில் மறைப்பு என்று எது கேட்டாலும் தைத்துக் கொடுப்பாள். வீட்டின் முன்னறையில் கனத்த தையல் மெஷின்கள் இரண்டு. பின்பக்கம் ஒரு லாரியே நிற்கக்கூடிய தகரக் கொட்டகை. விவாகரத்து ஆகித் தீர்ப்பும் கைக்கு வந்த பிறகு, அந்தக் கொட்டகைக்குச் சனிக்கிழமை தவறாமல் வந்து அவளுடைய பழைய புருஷன் விமானம் கட்டிக்கொண்டிருந்தான்.

கேட்டவர்கள் சிரித்தார்கள். "வீட்டை விட்டுப் போன மனுஷனுக்கு பறந்து போக வண்டியும் செஞ்சு குடுக்கிறியா?" என்று எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்றே கேட்டார். அவளும் சிரித்து வைத்தாள்.

அவன் ஏசி மெக்கானிக். பகலெல்லாம் ஏணியில் நின்று, பிறத்தியார் வீட்டுச் சுவரில் தொங்கும் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருப்பவன். ஊருக்கு வெளியே இருந்த விமான கிளப்பில் ஒரு பழுதைச் சரிபார்க்கப் போனவனுக்கு அங்கேயே பைத்தியம் பிடித்துவிட்டது. சேர்த்து வைத்ததையெல்லாம் போட்டு ஓட்டக் கற்று உரிமமும் வாங்கினான். வாடகை விமானத்தில் எத்தனை நாள் பறப்பது? இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம் ஒன்றின் வரைபடத்தை வாங்கிக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேஜையில் விரித்தான். அலுமினியக் குழாயில் உடம்பு, துணியில் இறக்கை.

"துணின்னா நான்தானே தைக்கணும்?" என்றாள் அவள்.

"பின்ன, வேற யாரைக் கேக்கிறது?"

அப்படித்தான் ஆரம்பித்தது. எலும்புக்கூடு அவன் வேலை, தோல் இவள் வேலை. இறக்கைச் சட்டத்தின் மேல் துணியை ஒட்டி, இஸ்திரிப் பெட்டியால் மெதுவாகச் சூடு காட்டினால் துணி சுருங்கி மத்தளம் மாதிரி விறைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு முழ நீள ஊசியால், மெழுகு தடவிய நூலைக் கோத்து, சட்டத்தோடு சேர்த்துத் தைக்க வேண்டும். இறக்கையைச் சுவர் மாதிரி நிமிர்த்தி வைத்துவிட்டு, அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவள். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. ஊசி மட்டும் போய்ப் போய் வரும்.

"வந்துச்சா?"

"வந்துருச்சு. இழுங்க."

குடித்தனத்தின் கடைசி வருடத்தில் அவர்கள் அதிகம் பேசிக்கொண்ட பேச்சே அதுதான். அவர்கள் சண்டை போட்டுப் பிரியவில்லை. சண்டை போடும் அளவுக்குக்கூடப் பேச்சு மிச்சமில்லாமல் போயிற்று. ஒருநாள் அவன், "நான் தனியா ரூம் பாத்துக்கிறேன்" என்றான். அவள், "சரி" என்றாள். கட்டில் இவளுக்கு, ஃப்ரிட்ஜ் அவனுக்கு என்று பாகம் பிரித்தார்கள். விமானத்தை எப்படிப் பிரிப்பது? கடை மாடியில் அவன் எடுத்த அறைக்குள் அதன் வால்கூட நுழையாது.

"முடிச்சுட்டு எடுத்துட்டுப் போறேன்" என்றான்.

"அவசரமில்ல" என்றாள்.

சனிக்கிழமைகளில் அவளுக்குத் தானாகவே சீக்கிரம் விழிப்பு வந்தது. கொட்டகையைப் பெருக்கினாள். இதற்கு முன்பு கூட்டியதே இல்லாத மூலையெல்லாம் கூட்டினாள். அவன் வந்து வேலை பார்ப்பான், பகலில் ஒரு தடவை டீ குடிப்பான், இருட்டும் முன் கை கழுவிக்கொண்டு கிளம்புவான். அவ்வளவுதான். ஆனால் அந்த நாளைச் சுற்றியே மற்ற நாட்களை அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அவனுடைய தங்கை இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். பள்ளிக்கூட கேன்டீனில் சமையல் வேலை. கோர்ட்டு எப்படித் தீர்ப்புச் சொன்னாலும் அண்ணி அண்ணிதான் என்று அவள் வந்துபோவதை நிறுத்தவில்லை.

"விட்டுத் தொலைங்க அண்ணி" என்பாள் நாத்தனார். "இறக்கை முடிஞ்சது, வால் முடிஞ்சது, சக்கரம் மாட்டியாச்சு. இன்னும் என்ன இழுவை?"

இன்ஜின்தான் பாக்கி.

முதலில் அவன் பார்த்தது கிளப்பில் ஒருவர் விற்க வைத்திருந்த டூ ஸ்ட்ரோக் இன்ஜின். எடை குறைவு, சக்தி அதிகம். அவன் ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவள் எங்கேயோ காதில் விழுந்ததை வாயில் வந்தபடி சொன்னாள். "அது பறக்கும்போதே திடீர்னு இறுகி நின்னுடுமாமே?" அவன் யோசித்தான். அடுத்த வாரம் வந்து, "நீ சொன்னது சரிதான், அது வேண்டாம்" என்றான்.

அந்த ஒரு பேச்சில் இன்னும் பல சனிக்கிழமைகள் கிடைத்ததை அவள் கவனித்தாள்.

அதற்குப் பிறகு அவள் தெரிந்தேதான் படித்தாள். தையல் முடிந்ததும் ஃபோனை எடுத்துக்கொண்டு, எந்த இன்ஜின் எங்கே எப்படி நின்றது, எவன் எந்த வயலில் விழுந்தான் என்று விபத்து அறிக்கைகளைத் தேடிப் பிடித்தாள். அவன் இரண்டாவதாக, கார் இன்ஜினை மாற்றியமைத்து விற்கும் ஒருவரைப் பற்றிச் சொன்னபோது, அதன் பெல்ட் அறுந்த கதைகளை வரிசையாக எடுத்து வைத்தாள். அதையும் விட்டான்.

மூன்றாவது புது இன்ஜின். விமானத்துக்கென்றே செய்தது. குறை சொல்ல ஒன்றுமே இல்லை. விலைதான் கண்ணைக் கட்டியது, அதற்கும் கடன் ஏற்பாடு செய்துவிட்டு வந்திருந்தான். அவள் தேடித் தேடி ஒன்றைப் பிடித்தாள். "கோடை வெயில்ல பெட்ரோல் குழாயிலேயே கொதிச்சு, ஆவியாகி, இன்ஜின் மூச்சடைச்சு நிக்குதாம்." அது உண்மைதான். குழாய்க்கு உறை போட்டு, கூட ஒரு பம்பு வைத்தால் அந்தத் தொந்தரவு தீர்ந்துவிடும் என்று அதே பக்கத்தில் கீழே எழுதியிருந்தது. அதை அவள் சொல்லவில்லை.

அவன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். பிறகு, "அப்ப வேற பாப்போம்" என்றான்.

அன்று ராத்திரி அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருந்தும் அடுத்த சனிக்கிழமைக்காகக் கொட்டகையைப் பெருக்கத்தான் செய்தாள்.

மருந்துக்கடைக்காரியைப் பற்றி முதலில் சொன்னது நாத்தனார். அவன் குடியிருந்த மாடிக்குக் கீழே இருந்தது மருந்துக்கடை. அதை நடத்துகிறவள் புருஷனை இழந்தவள், நிதானமான பெண்பிள்ளை. "அண்ணன் இப்பல்லாம் அங்கதான் சாப்பிடுது" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள் நாத்தனார். "உங்களுக்கு யாராவது வெளியாளுங்க சொல்லித் தெரியக்கூடாதுன்னுதான்."

"நல்லதுதானே" என்றாள் தார்ப்பாய்க்காரி. அன்று தைத்த மூடுதுணியைப் பிரித்து மறுபடியும் தைக்க வேண்டியிருந்தது.

நாலாவது இன்ஜின் சனிக்கிழமை வரவில்லை. வாரத்தின் நடுவில், ஒரு மினி லாரியில், பூப்போட்ட புதுப் போர்வையில் சுற்றி வந்து இறங்கியது. கேட்காமலே வாங்கிவிட்டான். வெளியூரில் ஒரு விமானத்திலிருந்து கழற்றி விற்றதாம்.

"கொஞ்சம்தான் ஓடியிருக்கு. வாரிசு சண்டையில விமானத்தைப் பிரிச்சு வித்துட்டாங்க. நமக்கு அடிச்சது யோகம்."

அவள் போர்வையை விலக்கிப் பார்த்தாள். இத்தனை நாள் குறை தேடியே படித்த கண். வெயிலில் வெளுத்துப்போன இன்ஜின். ஆனால் முன்னால் ப்ரொப்பல்லர் விசிறியைப் பூட்டும் வட்டத்தட்டில் மட்டும் புதுப் பெயின்ட். போல்ட்டுகளும் புதுசு. அந்த இடத்தை மட்டும் யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

"இதோட ப்ரொப்பல்லர் எங்கயோ தரையில இடிச்சிருக்குங்க."

"என்னது?"

"ஓடிக்கிட்டிருக்கும்போது ப்ரொப்பல்லர் தரையில பட்டா, அந்த அதிர்ச்சி உள்ள இருக்கிற தண்டுக்குப் போகும். தலைமுடி மாதிரி விரிசல் விழுந்திருக்கும். வெளியிலேருந்து பாத்தா தெரியாது. பிரிச்சுத்தான் பாக்கணும்."

"வித்தவர் அப்படி ஒண்ணும் சொல்லலையே."

"எவன் சொல்லுவான்?"

அவன் சிரித்தான். நல்ல சிரிப்பில்லை. "மொதல்ல பாத்தது இறுகிடும்ன. ரெண்டாவதுக்கு பெல்ட் அறுந்துடும்ன. மூணாவதுக்கு பெட்ரோல் கொதிச்சுடும்ன. இப்ப இது இடிச்சிருச்சு. உனக்குப் பிடிச்ச இன்ஜினை இந்த உலகத்துல யாராவது செய்றாங்களா?"

"அதெல்லாம் வேற. இது வேற."

"என்ன வேற?"

சொல்லியிருக்கலாம். 'அந்த மூணையும் நீங்க வரணும்னு சொன்னேன், இதை நீங்க செத்துடக் கூடாதுன்னு சொல்றேன்' என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். பார்வை அந்தப் பூப்போட்ட போர்வையில் போய் விழுந்தது. யார் வீட்டுப் போர்வை என்று கேட்க வேண்டியதில்லை. அதை இழுத்து இன்ஜினை மூடினாள்.

நாத்தனாரிடம் கெஞ்சினாள். "நீயாவது சொல்லு. ஒரு தடவை பிரிச்சுப் பாக்கச் சொல்லு."

நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கோவிச்சுக்காதீங்க அண்ணி. நீங்க சொல்றது இன்ஜினைப் பத்தியா, அந்தம்மாவைப் பத்தியா?"

தார்ப்பாய்க்காரிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எதைப் பற்றி என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, அதனால் வந்த கோபம்.

கிளப்பிலிருந்து விமானத்தைச் சோதிக்க வந்த பெரியவரிடமும் சொல்லிப் பார்த்தாள். அவர் ஏசிக்காரனைக் கூப்பிட்டு விசாரித்தார். "இவங்க என் பழைய வீட்டுக்காரி சார்" என்றான் அவன், அவளுக்கு முன்னாலேயே. "இவங்களுக்கு எதுவுமே பிடிக்காது." பெரியவர் சங்கடத்தோடு சிரித்தார். இன்ஜினோடு வந்த தாள்களைப் புரட்டினார். இடித்ததாக எங்கும் எழுதியில்லை. ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு இருமல் இல்லை, தும்மல் இல்லை, தேன் மாதிரி ஓடியது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

இறக்கைகளைக் கழற்றி லாரியில் ஏற்றியபோது தன் தார்ப்பாயையே போட்டு மூடினாள். லாரி தெருமுனை திரும்பியது. கொட்டகை திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது.

விமானம் பறந்தது. நன்றாகவே பறந்தது. மழைக்காலம் வரைக்கும் வாராவாரம் பறந்தான் என்று நாத்தனார் சொன்னாள். மருந்துக்கடைக்காரியைக்கூட ஒருநாள் ஏற்றிக்கொண்டு போய் ஊரைச் சுற்றிக் காட்டினானாம். தார்ப்பாய்க்காரிக்கு வெட்கமாகப் போயிற்று. ஆகக்கூடி எல்லாம் தன் பொறாமைதானா? நல்ல இன்ஜினைப் பழி சொல்லிவிட்டோமா? அப்படி நினைத்ததில் ஒரு நிம்மதியும் இருந்தது. விபத்து அறிக்கை படிப்பதை நிறுத்திவிட்டாள்.

மழை விட்டு வெயில் வந்த ஒரு காலையில், அவள் படகு உறைக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. நாத்தனாரின் குரல் குரலாகவே இல்லை. "அண்ணி, அண்ணன் விழுந்துருச்சு."

ஓடுபாதையை விட்டு எழும்பி மேலேறும்போது தண்டு முறிந்திருக்கிறது. ப்ரொப்பல்லர் கழன்று தனியே பறந்து போயிற்று. அவன் பதறாமல் விமானத்தின் மூக்கைத் தாழ்த்தி, அறுவடை முடிந்த ஒரு வயலைப் பார்த்து இறக்கியிருக்கிறான். வயல் போதவில்லை. வரப்புக்கு அப்பால் இருந்த பள்ளத்தில் போய்க் குத்தியது. நல்லவேளை, அன்று தனியாகத்தான் போயிருந்தான். உயிர் தப்பியது. முதுகெலும்பு நொறுங்கியது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மருந்துக்கடைக்காரி உட்கார்ந்திருந்தாள். இவளைப் பார்த்ததும் எழுந்து, நாற்காலியை இவள் பக்கம் நகர்த்தினாள். "உக்காருங்க. இன்ஜினைப் பிரிச்சுப் பாக்கணும்னு நீங்க அப்பவே சொன்னீங்களாம். என்கிட்ட சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு." இரண்டு பேரும் அந்த ஒரு நாற்காலியில் உட்காராமலே நின்றார்கள்.

அவனோடு பேச முடிந்தபோது, இன்ஜினைப் பிரித்துப் பார்த்த சேதியும் வந்துவிட்டிருந்தது.

"முறிஞ்ச இடத்துல பாதி கறுத்துப் போயிருந்துதாம்" என்றான் அவன், விட்டத்தைப் பார்த்தபடி. கழுத்தைத் திருப்ப முடியாது. "பழைய விரிசல். மீதிப் பாதிதான் பளபளன்னு புதுசா உடைஞ்சிருக்கு."

"கேள்விப்பட்டேன்."

அவள் ஸ்டூலைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்த மூணு இன்ஜினுக்கும் நான் வேணும்னேதான் குறை சொன்னேன்" என்றாள்.

"தெரியும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மூணாவதுலேயே தெரிஞ்சுபோச்சு. குழாய்க்கு உறை போட்டா சூடு ஏறாதுன்னு ஏசிக்காரன் எனக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏன் அதை விட்டீங்க?"

"எனக்கும் அப்ப சனிக்கிழமைக்கு வேற போக்கிடம் இல்ல." அவன் கண்ணை மூடிக்கொண்டான். "நாலாவதுக்கும் நீ அதைத்தான் சொல்றேன்னு நெனச்சுட்டேன்."

அவள் அழவில்லை. போர்வை விலகி, உணர்ச்சியற்றுக் கிடந்த அவன் இடது பாதம் வெளியே தெரிந்தது. இழுத்து மூடிவிட்டு வெளியே வந்தாள்.

விமானத்தில் மிஞ்சியதை என்ன செய்வது என்று கிளப்பில் கேட்டபோது, அவளைக் கேட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டானாம். பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடச் சொன்னாள். போய்ப் பார்க்கவில்லை. துணி கிழிந்திருந்தாலும் தையல் ஒன்றுகூட விட்டுக்கொடுக்கவில்லை என்று கிளப் பெரியவர் ஃபோனில் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னார், பாவம். அவள் "சரிங்க" என்று வைத்துவிட்டாள்.

வெயில் காலம் தொடங்கும்போது, கொட்டகையில் கிடந்த தன் சாமான்களை எடுத்துப் போக அவன் வந்தான். மருந்துக்கடைக்காரி கார் ஓட்டி வந்தாள். அவன் ஊன்றுகோலில் நடந்து கொட்டகைக்குள் வந்து, ஸ்பானர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் போட்டான். அவனால் குனிய முடியாததால் கீழே கிடந்ததைத் தார்ப்பாய்க்காரி எடுத்து எடுத்துக் கொடுத்தாள். இனி ஏணி ஏற முடியாது, மருந்துக்கடையில் கணக்குப் பார்க்க உட்கார்ந்திருப்பதாகச் சொன்னான். பெட்டி நிறைந்தது. ஒரு கையால் தூக்கிப் பார்த்தான். அது அசையவில்லை.

"வைங்க, நான் தூக்கிட்டு வரேன்" என்றாள்.

கார் வரைக்கும் அவன் முன்னால் நடக்க, அவள் பெட்டியோடு பின்னால் போனாள். டிக்கியில் வைத்து மூடினாள். மருந்துக்கடைக்காரி இறங்கி வந்து, "தேங்க்ஸ்க்கா" என்றாள்.

"டீ குடிச்சுட்டுப் போலாமே" என்று கேட்டாள் தார்ப்பாய்க்காரி.

அவன் தெருவைப் பார்த்தான். "இல்ல, கடையை அப்படியே விட்டுட்டு வந்திருக்கு."

கார் போனதும் உள்ளே வந்து மெஷினில் உட்கார்ந்தாள். லாரிக்காரர் சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார். பாதியில் நின்ற மூடுதுணியை ஊசிக்கு அடியில் இழுத்து வைத்து, பெடலில் காலை அழுத்தினாள்.