தூக்கிப்போகும் செலவு

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம், மம்சாபுரத்தில் தென்னந்தோப்பு, ஸ்ரீவில்லிபுத்தூரில் மாடி வீடு, அம்புட்டும் ஒத்தையாளாக எழுப்பினேன். அந்த வீட்டில் இப்போதும் ஒத்தையாள்தான். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகன் மாலத்தீவில், வெளிநாட்டுக்காரர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய் மீன் காட்டுகிறான்.

போன தீபாவளிக்கு வந்தபோது அவனுடைய விபத்து பாலிசியைப் படிக்கச் சொன்னேன். ஆழத்தில் மூழ்குவது அதில் சேராதாம். மூழ்குகிறவர்களுக்கென்றே உள்ள வேறொரு பாலிசியைப் போனில் காட்டினான்.

"ஆஸ்பத்திரிச் செலவு தருவாங்கப்பா."

"ஏலே, அதுவரைக்கும் உன்னைத் தூக்கிட்டுப் போறது யாரு?"

"நான் என்ன உங்க தறி மோட்டாரா?" என்று சிரித்தான்.

எரிந்த மோட்டாருக்குப் பணம் தந்த கம்பெனி, அதைக் கோயம்புத்தூருக்கு ஏற்றிப்போன லாரிக்குத் தரவில்லை. பட்டவன் நான். அவசரத்துக்குத் தூக்கிப்போகும் செலவையும் சேர்த்து எடுக்க வைத்த பொறவுதான் அவனைப் பஸ் ஏற்றினேன்.

ஆவணியில் ஒருநாள் ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்துவிட்டான். ரத்தத்தில் காற்றுக்குமிழி அடைத்துக் கால் மரத்துவிட்டது. பாலிசிக்காரர்கள் அனுப்பிய படகுதான், அந்தக் குமிழியைக் கரைக்கிற அழுத்த அறை உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. இப்போது நடக்கிறான். எனக்கு இதெல்லாம் அவன் போட்ட வீடியோவைப் பார்த்துத்தான் தெரியும். டாக்டர், படகோட்டி, கம்பெனி, எல்லாருக்கும் நன்றி சொல்கிறான். சோற்றைத் தட்டில் வைத்துக்கொண்டு கடைசிவரை பார்த்தேன்.

இன்னொரு வீடியோ போடு தம்பி. அந்தப் பாலிசியை எடுக்க வைத்தது எங்கப்பாதான் என்று அதில் சொல்லு.