மகள் அறையில் ஒரு புற்று

தாலுகா அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் ஆக்கிரமிப்புக் கோப்புகளைப் பார்த்தவன் நான். நோட்டீஸ் தயாரிப்பது, சம்பந்தப்பட்டவர் கையில் கொடுத்துச் சார்வு செய்வது, வாங்க மறுத்தால் கதவில் ஒட்டுவது, கெடு முடிந்ததும் இடிப்பது எல்லாம் வரிசையாகத் தெரியும். ஓய்வு பெற்றுப் பாப்பிரெட்டிப்பட்டியில் வீடு கட்டி வந்த நாலாம் வருடம், ஐப்பசி மழை விட்ட வாரத்தில், பின்னறை மூலையில் கரையான் புற்று வைத்தது. கரையானுக்கு நோட்டீஸ் ஒட்டினால் அதையும் தின்றுவிடும்.

அது எங்கள் ஒரே மகளின் அறை. அவள் ஓசூரில் இருக்கிறாள்; வந்தால்தான் திறப்போம். மழை ஒழுகியிருக்கிறதா என்று பார்க்கத் திறந்தபோது மூலையில் ஒரு சாண் உயரத்துக்குச் செம்மண். கதவு நிலையைத் தட்டினேன், அப்பளம் மாதிரி நொறுங்கியது. நான் கடப்பாரையைத் தேடி எடுத்து வருவதற்குள் என் மனைவி புற்றுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டாள்.

"அதுல கை வெச்சீங்கன்னா நான் இந்த வூட்ல இருக்க மாட்டேனுங்க."

மகளுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம். குழந்தை இல்லை. இத்தனை அறை இருக்க மகள் அறைக்கு ஏன் புற்று வர வேண்டும் என்று மனைவி கேட்டாள்.

"அங்கதான் மேஸ்திரி தரையைச் சரியாப் போடல" என்றேன்.

"ஆமா, ஆத்தா மேஸ்திரிகிட்டக் கேட்டுக்கிட்டுத்தான் வருவாளா?"

பக்கத்து வீட்டம்மா முட்டையும் பாலுமாக வந்தார். "நாங்க ஆத்தாளத் தேடிக் கோயில் கோயிலாப் போறோம். சார் வூட்டுக்கு அவளே குடி வந்துட்டா. வாடகையா கேக்கப் போறீங்க?"

செவ்வாயும் வெள்ளியும் பால் ஊற்றினார்கள். கரையானுக்கு வேண்டியது ஈரம்தான். குடிநீர் இணைப்புக் கொடுத்த மாதிரி ஆயிற்று. புற்று முழங்கால் உயரம் வந்தது. கட்டிலின் ஒரு கால் போயிற்று.

கார்த்திகையில் மகள் போன் செய்தாள். நாள் தள்ளிப் போயிருக்கிறது, டாக்டரும் உறுதி செய்துவிட்டார். மனைவி போனைக் காதில் வைத்தபடியே புற்றின் முன்னால் விழுந்து கும்பிட்டாள். மறுநாளே ஓசூருக்குப் பஸ் ஏறினாள்.

எனக்கும் சந்தோஷம்தான். எட்டு வருடமாக யாரும் அறியாமல் நானும் நாள் எண்ணிக்கொண்டிருந்தவன்தான். ஆனால் பிரசவத்துக்கு மகள் இங்கேதான் வருவாள், அந்த அறையில்தான் படுப்பாள். கரையான் மருந்தின் நெடி போகவே மாதக்கணக்கில் ஆகும். இப்போதே செய்தால்தான் உண்டு. தர்மபுரியிலிருந்து மருந்தடிப்பவரை வரவழைத்தேன்.

அவர் அறை வாசலிலேயே நின்றுவிட்டார். "சார், மஞ்சக் குங்குமம் இருக்குதுங்க. நான் தொட மாட்டேன். நீங்க இடிச்சுக் குடுங்க, மருந்து நான் அடிக்கறேன். அதுவும் இன்னிக்கிச் செவ்வாக்கெழமை."

"நீங்க வர்றேன்னு சொன்ன நாள்தானே?"

"கரையான்னுதான் சொன்னீங்க. புத்துன்னு சொல்லலைங்களே."

நானே இடித்தேன். நாலே அடியில் சரிந்தது. உள்ளே பாம்பும் இல்லை, ஆத்தாளும் இல்லை; வெள்ளையாக நெளியும் பூச்சிகள்தான். அவர் தரையைத் துளைத்து மருந்தை இறக்கி, சிமெண்ட் பூசிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை மாலை மனைவி ஓசூரிலிருந்து கூப்பிட்டாள். "போயிருச்சுங்க" என்றாள்.

ஆரம்ப மாதங்களில் இப்படி ஆவது உண்டு, யாரும் எதுவும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னாராம். அதை டாக்டர் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. கடப்பாரைக்கும் கருவுக்கும் சம்பந்தம் கிடையாது. இதைத் தினமும் எனக்கு நானே சொல்கிறேன். தெரிந்திருப்பதால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

பத்து நாள் கழித்து மனைவி திரும்பினாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் பின்னறைக்குப் போனாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். சிமெண்ட் பூசிய மூலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னிக்கி இடிச்சீங்க?"

தேதியை மாற்றி எழுதிய குமாஸ்தாக்களுக்கு நான் மெமோ கொடுத்திருக்கிறேன்.

"சனிக்கிழமை" என்றேன்.

"போன சனியா?"

"அதுக்கு முந்தின சனி. சேதி வந்தப்புறம். கோவத்துல இடிச்சேன்."

கட்டை விரலால் விரல் கணுக்களைத் தொட்டு எண்ணினாள். வியாழன், வெள்ளி, சனி. "அப்ப அதுக்குப் பெறகுதான்" என்றாள். "அப்ப இதனால இல்ல." பிறகுதான் கால் உடைந்த கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் உட்காரவில்லை. உட்காரும் தகுதி எனக்கு இருப்பதாகப் படவில்லை.

அவள் குளிக்கப் போன நேரம் மருந்துக்காரர் கொடுத்த உத்தரவாத அட்டையை அடுப்பில் போட்டேன். ஐந்து வருடத்துக்குள் கரையான் வந்தால் இலவசமாக வந்து அடிப்பார். அட்டையில் தேதியும் கிழமையும் அவர் கையாலேயே எழுதியிருந்தது.

பங்குனியில் எதிர்ச் சுவரில் விரல் பருமனுக்கு மண்கோடு ஏறியிருக்கிறது. அட்டை இல்லாவிட்டாலும் கூப்பிட்டால் அவர் வருவார். வந்தால் என் மனைவியிடம் அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றிப் பேசாமல் போக மாட்டார். அதனால் காலையில் அவள் பால் வாங்கப் போகும்போது கத்தியால் நானே சுரண்டிவிடுகிறேன். மறுநாள் பார்த்தால் அதே இடத்தில், இன்னும் கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறது.