நாலு விநாடித் தட்டைக்கோடு

போன கிழமை வெள்ளவத்தையில், பழவண்டிக்கு முன்னால் நின்ற ஒரு பெண்ணின் சட்டைக் கழுத்தோரம் வெள்ளையாக ஓர் ஒட்டு தெரிந்தது. இதயத் துடிப்பைப் பதிகிற புதுக் கருவி. வயர் இல்லை, பெட்டி இல்லை. அவள் பாட்டுக்கு அன்னாசிக்கு மிளகாய்த்தூள் கூடப் போடச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் ஸ்பிரிட் மணம் மூக்கில் ஏறியது. அந்தக் காலத்தில் நெஞ்சை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுத்தான் வயர் ஒட்டுவோம்.

யுத்த காலம். இரத்மலானையில் ஒரு சின்னப் பட்டறையில் நாலு பேராக அப்படியொரு கருவி செய்துகொண்டிருந்தோம். பட்டியல் போடுவது என் வியாதி. சவர்க்காரக் கட்டியளவு இருக்க வேண்டும், பற்றரி ஒரு நாள் நிற்க வேண்டும், வேர்வைக்கு வயர் கழலக் கூடாது. நெஞ்சில் ஐந்து வயரும் இடுப்பில் கறுப்புப் பெட்டியுமாக, குண்டு கட்டியவர் போல, ஒரு தமிழர் கொழும்பு வீதியில் எப்படி நடப்பார் என்பது பட்டியலில் இல்லை. இத்தனைக்கும் நானே தினம் இரண்டு சோதனைச்சாவடி தாண்டி வேலைக்குப் போனவள்.

கொட்டாஞ்சேனை சேவியர் அங்கிள் துறைமுகத்தில் எழுதுவினைஞர். இரண்டு தரம் வேலையிடத்தில் மயங்கி விழுந்திருந்தார். இதயம் இடையிடையே நிற்கிறதென்று வைத்தியருக்குச் சந்தேகம். அது பதிவில் அகப்பட்டால்தான் பேஸ்மேக்கர். எங்கள் பெட்டியை ஒரு நாள் கட்டி அனுப்பினோம். அப்பழுக்கில்லாத பதிவு வந்தது. பேஸ்மேக்கர் தேவையில்லை என்று எழுத வைத்தியர் பேனையை எடுத்துவிட்டார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலை ஏழு மணியிலிருந்து மாலைவரை அலையின் வடிவமே வேறு. அது இன்னொருவருடைய நெஞ்சு.

அங்கிள் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவருடைய மனைவி மேரி அன்ரிதான் சொன்னார்.

"இவர் கழட்டி வச்சிட்டு வேலைக்குப் போனவர். மெஷின் சும்மா கிடந்தா பதிவு குறையும் எண்டு இவர் சொன்னவர், பிள்ளை. அதான் நான் போட்டுக்கொண்டு சமைச்சன்."

"வயரோட போனா என்னைத் திரும்பி வர விடுவாங்களா?" என்றார் அங்கிள்.

பட்டறைக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னேன். கறுப்பு மூடியைக் கழற்றி, உள்ளே எல்லாம் தெரிகிற பிளாஸ்டிக் மூடி போட்டோம். வைத்தியர் சிங்களத்தில் கடிதம் தந்தார். நான் அங்கிளுக்கு ஒரு பட்டியல் எழுதினேன்: அடையாள அட்டை, கடிதம், மேல் பொத்தான் இரண்டும் திறந்தபடி, கை பெட்டிப் பக்கம் போகவே கூடாது.

மறுநாள் துணைக்குப் பின்னால் நடந்தேன். சாவடியில் சிப்பாய் குனிந்து மூடிக்குள் பார்த்தான், கடிதத்தை வாசித்தான், போகச் சொல்லிக் கையசைத்தான். அடுத்தது நான். கொழும்பில் தங்கும் தமிழர் கேட்டவுடன் காட்ட வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு வேறு கைப்பையில், வீட்டில். என்னை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். தாண்டிப் போயிருந்த அங்கிள் திரும்பிப் பார்த்தார். பிறகு மணல்மூட்டையைப் பிடித்துக்கொண்டார்.

பெட்டி அதைப் பதிந்திருந்தது. நாலு விநாடி, தட்டைக்கோடு.

என்னை அரைமணியில் விட்டார்கள். அங்கிளுக்குப் பேஸ்மேக்கர் வைத்தார்கள். பிறகு அவர் விழவேயில்லை. நத்தார்ப் பண்டிகைதோறும் கேக் தரும்போது, "பிள்ளை, பட்டியலில உன்ர துண்டையும் எழுதியிருக்கலாம்" என்று குத்துவார்.

அங்கிள் முதுமையில், நித்திரையில் போனார். சாவடி இருந்த மூலையில் இப்போது தொலைபேசிக் கடை. பழவண்டியைக் கண்ட அன்று வீட்டுக்கு வந்து, அந்தப் பதிவின் தாளைத் தேடி எடுத்தேன். மையில்லாத தாள் அது, சூட்டில் கறுத்த கோடு, வருடக்கணக்கில் வெளுத்துப்போகும். முழுக்க வெள்ளையாகியிருந்தது. துடித்த இடம் எது, நின்ற இடம் எது என்று என்னாலும் சொல்ல முடியவில்லை.